பிட்டர் கூப்பிட்ட சாமி

வண்டியும் இஞ்சினும் பழுது பார்த்துப் பூட்டுகிற எங்கள் பிட்டர் மனிதர்களைச் சாமி என்று கூப்பிடுவார். அதில் புதுமை ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் சாமிதான், தடியூன்றி வரும் பெரியவரும் சாமிதான். ஆனால் இவர் இரும்பையும் சாமி என்றே கூப்பிட்டார். அதில்தான் வந்தது வினை.

ஆணியின் மரை துருப்பிடித்துக் கழல மறுத்தால், “சித்த எளகுங்க சாமி” என்று கெஞ்சுவார். கனமான சாமான் ஒன்றை மேலே ஏற்றும்போது, “வாங்க சாமி, இப்பிடி வாங்க, அப்பிடித்தான்” என்று கொஞ்சுவார். பக்கத்தில் நிற்கிறவன் தன்னைத்தான் உதவிக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுவான். ஓடிப் போனவனுக்கு நல்ல வார்த்தை கிடைக்காது. “உன்னைய ஆரு கூப்புட்டா? அக்கட்டால போ” என்பார். இரும்புக்குக் கொடுக்கும் மரியாதையில் பாதியை மனிதனுக்குக் கொடுத்தால் என்ன என்று என் மாமனார் ஒரு முறை கேட்டார். மனிதன் கோபித்துக்கொண்டால் வீட்டுக்குப் போய்விடுவான், இரும்பு கோபித்துக்கொண்டால் நம் காலில் விழுந்துவிடும் என்று பிட்டர் பதில் சொன்னார். மாமனாருக்கு அது விளங்கிச் சிரிப்பு வருவதற்குள் பிட்டர் வண்டிக்கு அடியில் போயிருந்தார்.

அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. பிட்டர் என்று சொன்னால் திருச்செங்கோட்டுச் சாலையில் எவரும் அவருடைய கொட்டகைக்குக் கை காட்டுவார்கள். இங்கே வருவதற்கு முன்னால் சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு கொட்டகையில் இருந்தாராம். ஏற்காடு மலையேறும் தோட்டத்துரைமார்களின் கார்கள் மூச்சு வாங்கி நிற்கும்போது தட்டிக்கொடுத்து அனுப்புகிற வேலை. துரைமார்களின் டிரைவர்களும் ஆளுக்கொரு பக்கம் கை வைக்க வந்ததால் அந்த வேலை பிடிக்காமல் வந்துவிட்டார் என்று கேள்வி. என்னால் நம்ப முடிகிறது.

பிட்டர் என்றதும் மலை போன்ற உடம்பை நினைத்துக்கொள்ள வேண்டாம். குள்ளமான, ஒல்லியான ஆள். யாரோ பட்டாளத்துக்காரன் உடுத்திக் கழித்த காக்கி டவுசரை இடுப்பில் கயிறு போட்டுக் கட்டியிருப்பார். கயிறு இல்லாவிட்டால் டவுசர் மட்டும் தனியாக நடந்து போகும். அவர் எதையும் தூக்கியதில்லை என்றே சொல்லலாம். கடப்பாரையால் ஒரு பக்கம் நெம்புவார், அந்த இடைவெளியில் ஒரு கட்டையைச் செருகுவார், சுற்றிப் போய் மறு பக்கம் நெம்புவார், அங்கும் ஒரு கட்டை. இப்படியே பேசிக்கொண்டே இருப்பார். வெற்றிலை போட்டுத் துப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் சாமான் ஏற வேண்டிய இடத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும். வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் கிணற்று மேட்டுக்கு ஆயில் இஞ்சினை ஏற்ற ஊரே வடமும் கையுமாகத் திரண்டு வந்ததாம். எல்லோரையும் வாய்க்கால் வரப்பில் உட்கார வைத்துவிட்டு, இவர் ஒருவராகவே உச்சிவெயிலுக்குள் ஏற்றிவிட்டார். அப்போது நாங்கள் எதற்கு வந்தோம் என்று ஒருவர் கோபமாகக் கேட்டதற்கு, பார்க்க ஆள் வேண்டாமா என்றாராம்.

ஏன் யாரையும் சேர்த்துக்கொள்வதில்லை என்று என் வீட்டுக்காரர் கேட்டபோது அவர் சொன்னது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. “ரெண்டு பேரு புடிச்சா, ரெண்டு பேருக்குமே அடுத்தவன் புடிச்சிருக்கறான்னு நெனப்பு வந்துருமுங்க சாமி. அந்த நெனப்புல ரெண்டு பேரும் உட்டுருவாங்க.”

கல்யாணத்திலும் இந்தக் குணம் போகவில்லை. தாலிக்கு முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டால் மற்ற முடிச்சுகளை அவருடைய அக்காளோ தங்கையோ போடுவது வழக்கம். பிட்டருடைய அக்காள் புதுப்புடவையும் பூவுமாக மணப்பெண்ணின் பின்னால் தயாராக நின்றுகொண்டிருந்தாள். இவர் குனிந்தார், சடசடவென்று எல்லா முடிச்சையும் தானே போட்டு, இழுத்துப் பார்த்து, இறுகிவிட்டதா என்று விரலால் சோதித்தும் விட்டார். அக்காள் சாப்பிடாமல் ஊருக்குப் போய்விட்டாள். அவளைச் சமாதானப்படுத்த அடுத்த பொங்கல் வரை ஆனதாம். முடிச்சு என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது என்று பிட்டருடைய மனைவியே என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். எங்கே வார்த்தது, எங்கே ஒட்டியது, என்ன எழுத்து அடித்திருக்கிறது என்று தேடுவார். நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தால் முதலில் சொம்பைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் அண்ணாந்து குடிப்பார். அது என் பிறந்த வீட்டுச் சீர்ச் சொம்பு. மோரில் என்ன குறை கண்டார் என்று நான் முதலில் பயந்துபோனேன்.

இப்போது அந்த லாரிக்கு வருகிறேன்.

யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்த சமயம். தலைமுறை தலைமுறையாக ஏர் பூட்டிய வீட்டில் பிறந்த என் வீட்டுக்காரர் பட்டணத்துக்குப் போய் ஒரு லாரியோடு வந்தார். அதுவும் முழு லாரி இல்லை. முன்பாதி தனி, பின்பாதி தனி. முன்னால் டிரைவர் உட்காருகிற கூண்டும் அதன் பின்னால் மொட்டையாக இரண்டு இரும்புச் சட்டங்களும். பின்னால் வருவது நீளமான ஒரு வண்டி, அதற்குப் பின்பக்கம் மட்டுமே சக்கரம். இரண்டையும் சேர்த்து மாட்டினால்தான் ஓடும். சேர்த்து மாட்டுகிற சாமான் மட்டும் ஏலத்தில் காணாமல் போயிருந்தது. ஊரைச் சுற்றி விசாரித்து எங்கிருந்தோ அதைப் பிடித்தார். அது ஈரோட்டுக்கு ரயிலில் வந்து, பள்ளிபாளையம் பாலம் தாண்டி மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தது. இறக்கின இடத்தில் மண் அமுங்கியது.

பெரிய தோசைக்கல் ஒன்றில் ஒரு பக்கம் வாய் மாதிரி வெட்டியெடுத்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அது. ஆனால் நாலு ஆள் சேர்ந்தாலும் அசையாத தோசைக்கல். அதை லாரியின் மொட்டைச் சட்டத்தின் மேல் பொருத்த வேண்டும். பின்வண்டியின் அடியில் தொங்குகிற தடித்த முளை அந்த வாயில் வந்து விழுந்து பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்ட பிறகு முன்னதும் பின்னதும் மாடும் வண்டியும் மாதிரி திரும்பலாம். இதற்கு அஞ்சாவது சக்கரம் என்று பெயர் என்றார் என் வீட்டுக்காரர். மாமியார் களத்தைச் சுற்றி வந்து சக்கரங்களை எண்ணினார். எண்ணிவிட்டு, இதில் எது அஞ்சாவது, அது எப்படி உருளும் என்று கேட்டார். அது உருளாது என்றதும், உருளாததற்குச் சக்கரம் என்று எவன் பெயர் வைத்தான் என்று வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

களம் என்று சொன்னேன் அல்லவா, அதுதான் சிக்கல். இரண்டு பாதிகளும் எங்கள் களத்தின் நடுவில் நின்றன. ஐப்பசியில் கடலைக்காய் களத்துக்கு வந்தாக வேண்டும். அதற்குள் இந்த இரும்பு எழுந்து போகாவிட்டால் சேலத்துப் பழைய இரும்புக்காரனை வரச் சொல்லி அறுத்தெடுத்துப் போகச் சொல்வேன் என்று மாமனார் சொல்லிவிட்டார். அவர் சத்தம் போட்டுச் சொல்லவில்லை, மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னால் அவர் செய்துவிடுவார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. நான் அம்மன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டேன்.

பிட்டர் வந்தார். அந்தச் சாமானைச் சுற்றி வந்தார், குனிந்து எழுத்துகளைப் படித்தார், உள்ளங்கையால் தடவினார். “நல்லாருக்கறீங்களா சாமி” என்று அதனிடம் கேட்டார். பிறகு களத்து ஓரத்து வேப்பமரத்தில் தடித்த கிளையாகப் பார்த்துச் சங்கிலிக் கப்பியை மாட்டினார். லாரியைக் கிளைக்கு அடியில் தள்ளி நிறுத்துவதற்கு மட்டும் ஆட்களை அனுமதித்தார். நின்றதும் எல்லோரையும் விரட்டிவிட்டார்.

அன்று என் வீட்டுக்காரர் பெட்ரோலுக்காகச் சங்ககிரி போயிருந்தார். மாமனார் கடலைக்காட்டில் இருந்தார். மாமியாரும் வேலையாட்களும் களத்து ஓரத்தில் உட்கார்ந்து முன்னதாகப் பிடுங்கிய கொடியில் கடலைக்காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். நான் கட்டுத்தரையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். மரத்தடியிலிருந்து பிட்டரின் குரல் வந்துகொண்டே இருந்தது. வாங்க சாமி, ஏறுங்க சாமி, கோவிச்சுக்காதீங்க சாமி. வேலையாட்களில் புதிதாக வந்த ஒருவன் எழுந்து ஓடி, அக்கட்டால போ என்று வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினான். எல்லோரும் சிரித்தார்கள்.

சாமான் சங்கிலியில் மேலே போய், சட்டத்துக்கு நேராக வந்து, இறங்க வேண்டியதுதான் பாக்கி. சட்டத்தின் மேல் ஒரு கட்டையை வைத்து அதன் மேல் இறக்கிவிட்டு, அப்புறம் கட்டையை உருவிச் சரியான இடத்தில் உட்கார வைப்பது அவர் கணக்கு. அடியில் ஏதோ கல்லோ மண்ணோ கிடக்கிறது என்று கையை உள்ளே விட்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்துக் கிளை முறிந்தது.

முழுதாக முறியவில்லை, முறிந்து தாழ்ந்தது. சாமான் கட்டையின் மேல் உட்கார்ந்தது. கட்டை சாய்ந்து, பிட்டரின் முழங்கைக்குக் கீழே உள்ள பகுதி அந்த இரும்புத் தட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. கட்டை நின்றதால் கை நசுங்காமல் நின்றது. ஆனால் கட்டை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தது. அது விழுந்தால் கை போயிற்று.

பிட்டர் கூப்பிட்டார். “சாமி, வாங்க சாமி. சித்த வாங்க சாமி.”

யாரும் அசையவில்லை. எப்படி அசைவார்கள்? காலையிலிருந்து அவர் அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார். கிளை ஒடிந்த சத்தம் கேட்டு மாமியார் மட்டும் தலைதூக்கி, மரத்தை ஒடிச்சுப்போட்டானே என்று முணுமுணுத்துவிட்டுக் கடலைக்காயைப் பார்த்தார். பிட்டர் மறுபடி கூப்பிட்டார். இன்னும் கெஞ்சலாக. வேலையாட்களுக்கு இன்னும் சிரிப்பு அதிகமாயிற்று. இரும்பு இன்றைக்கு ரொம்பத்தான் அடம் பிடிக்கிறது என்று ஒருத்தி சொன்னது எனக்குக் கட்டுத்தரை வரை கேட்டது. நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன்.

அப்போது பெரிதாக ஒரு குரல் வந்தது.

“செல்லாண்டியம்மா! செல்லாண்டியம்மா, ஓடி வாங்க!”

களத்து ஓரத்தில் சிரிப்பு நின்றது. மாமியார் கடலைக்காயைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்று, கிழக்கே பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார். வேலையாட்களும் கும்பிட்டார்கள். செல்லாண்டியம்மன் எங்கள் பக்கத்துத் தெய்வம். மனிதனிடமும் உதவி கேட்காத, தெய்வத்திடமும் கேட்காத பிட்டருக்கு இன்றைக்கு அம்மன் ஞாபகம் வந்துவிட்டதே என்று அவர்களுக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

என் கையிலிருந்த வாளி கீழே விழுந்தது. ஏனென்றால் செல்லாண்டியம்மா என்பது என் பெயர்.

அந்த வீட்டில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாமியாருக்கு நான் அம்மிணி. என் வீட்டுக்காரருக்கு நான் ‘இங்க பாரு’. மாமனார் என்னிடம் நேராகப் பேசுவதே இல்லை, சுவரிடம் சொல்வார், நான் கேட்டுக்கொள்வேன். வேலையாட்களுக்குச் சின்னாத்தா. முகூர்த்தத்தோடு என் பெயருக்கு வேலை முடிந்துவிட்டது. இத்தனைக்கும் நடுவில் இந்த மனிதருக்கு அது எப்படித் தெரிந்தது என்று அப்போது யோசிக்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன்.

பிட்டரின் முகத்தில் வேர்வை ஆறாக ஓடியது. குரல் மட்டும் நிதானமாக இருந்தது. கடப்பாரை கீழே கிடக்கிறது, அதன் முனையைத் தட்டுக்கு அடியில் கொடுத்து, சின்னக் கட்டையை அண்டக் கொடுத்து, பின்சக்கரத்தின் மேல் ஏறி நின்று அமுக்கச் சொன்னார். ஆட்களைக் கூப்பிடட்டுமா என்று நான் கேட்டேன்.

“ஒருத்தர் போதுமுங்க” என்றார்.

அந்த நிலைமையிலும் அதைச் சொன்ன வாயை என்ன செய்வது? சக்கரத்தின் மேல் ஏறினேன். கடப்பாரையைச் செருகி, கட்டையைத் தட்டுக்குக் கிட்டத்தில் தள்ளி வைத்தேன். அவர் செய்வதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன். உடம்பு முழுவதையும் போட்டு அமுக்கினேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தட்டு நூல் அளவு எழும்பியது. அதற்குள் விஷயம் விளங்கி மாமியார் ஓடி வந்துவிட்டார். ஐயோ அம்மிணி என்று கடப்பாரையை எட்டிப் பிடிக்கக் கையை நீட்டினார். அவர் ஒரு பக்கம் இழுத்தால் கடப்பாரை வழுக்கிவிடும்.

“கை வெக்காதீங்க அத்தை” என்றேன்.

நான் சொன்னேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. மாமியார் கை நீட்டியபடியே நின்றுவிட்டார். நான் இன்னும் அமுக்கினேன். பிட்டர் கையை உருவிக்கொண்டார். உருவிய மறு நொடி கட்டை தெறித்துப் போய்க் களத்தில் விழுந்தது, தட்டு சட்டத்தின் மேல் இடி மாதிரி உட்கார்ந்தது. உட்கார்ந்தது என்றால் சரியாக, உட்கார வேண்டிய இடத்திலேயே உட்கார்ந்தது.

பிட்டர் முதலில் அதைத்தான் பார்த்தார், கையை அப்புறம்தான் பார்த்தார். தோல் வழன்று ரத்தம் வந்திருந்தது, வீங்கியிருந்தது, விரல்கள் எல்லாம் அசைந்தன. மாமியார் மஞ்சள் அரைத்துப் பூசித் துணி சுற்றினார். நான் சக்கரத்திலிருந்து இறங்கி அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பயந்துவிட்டாள் என்று எல்லோரும் தேற்றினார்கள். பயமும்தான். ஆனால் என் பெயரை ஒருவர் களமெல்லாம் கேட்கக் கூப்பிட்டதில் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை அப்போது யாரிடம் சொல்ல முடியும்?

துணியைக் கட்டி முடித்துவிட்டு மாமியார் என்னைப் பார்த்தார். “உம் பேரு செல்லாண்டியம்மாவா அம்மிணி?”

“ஆமாங்க அத்தை.”

“நான் அம்மனாக்கும்னு கும்புட்டுப் போட்டேன்” என்றார். மஞ்சள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே, “கும்புட்டதும் நல்லதுக்குத்தான்” என்றார்.

மிச்ச வேலையைப் பிட்டர் அன்றைக்கே முடித்தார். துணி சுற்றிய கையை மார்போடு கட்டிக்கொண்டு மறு கையால் மரையாணிகளை அடித்து முடுக்கினார். தன்னந்தனியாக வேலை செய்கிறவர் என்று பெயர் வாங்கியவர் அன்றைக்கு ஒற்றைக் கைக்காரராகவும் ஆனார். நடுவில், “அந்தச் சுத்தியலக் குடுங்க சாமி” என்றார். யாரும் எழவில்லை. திரும்பிப் பார்த்து, “இரும்பையில்லீங்க, உங்களத்தான்” என்றார். அன்றிலிருந்து மனிதரைக் கூப்பிடும்போதெல்லாம் இந்த ‘உங்களத்தான்’ ஒட்டிக்கொண்டது. இரும்புக்குப் பழைய மரியாதை அப்படியே இருந்தது.

ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் லாரி பின்னால் நகர்ந்து போய்ப் பின்வண்டியைப் பூட்டிக்கொண்டது. டக்கென்ற அந்தச் சத்தத்துக்கு என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு பாதியும் ஒன்றாகிக் களத்தை விட்டு வளைந்து சாலைக்குப் போனபோது மாமனார் கடைசி வரை பார்த்துக்கொண்டு நின்றார். “அஞ்சாவது உருளவே இல்லையே” என்று சுவரிடம் சொன்னார். சுவர் சிரித்தது, அதாவது நான் சிரித்தேன்.

கை ஆறிய பிறகு பிட்டர் ஒரு நாள் வந்தார். மோர் கொடுத்தேன். வழக்கம் போலச் சொம்பைச் சுற்றிப் பார்த்தார், கழுத்தில் ஒரு இடத்தில் விரலை வைத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சீர்ப் பாத்திரம் எல்லாவற்றிலும் என் அப்பா என் பெயரை வெட்டிக் கொடுத்திருந்தார். வீட்டில் எல்லோரும் அந்தச் சொம்பில்தான் தண்ணீர் குடித்தார்கள். படித்தவர் இவர் ஒருவர்தான்.

என் பெயரைத் தெரிந்துகொண்டவரின் பெயர் எனக்குத் தெரியவில்லையே என்று இருந்தது. “உங்க பேரு என்னங்க?” என்று கேட்டேன்.

அவர் மோரைக் குடித்து முடித்து, சொம்பைக் கவிழ்த்து வைத்தார். “அது எந்தச் சொம்புலயும் வெட்டலீங்க சாமி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. அடுத்த தடவை பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுகிறவர் ஊருக்கு வந்தபோது ஒரு புதுச் சொம்பை எடுத்துக்கொண்டு போனேன். என்ன பெயர் என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? ‘சாமி’ என்று வெட்டச் சொன்னேன். அதற்குப் பிறகு பிட்டர் எப்போது வந்தாலும் அவருக்கு அந்தச் சொம்பில்தான் மோர். முதல் நாள் அதைத் திருப்பிப் பார்த்தவர் குடிக்காமல் வெகுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். “இது இரும்புக்குங்களா?” என்று கேட்டார்.

“உங்களத்தான்” என்றேன்.

அவர் காலம் முடிந்து எவ்வளவோ வருஷம் ஆயிற்று. அந்தச் சொம்பு இருக்கிறது. என் மருமகள் அதில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, இதைப் போய் அடுப்படியில் போட்டிருக்கிறீர்களே என்று என்னைக் கடிந்துகொண்டு, புளி போட்டுத் தேய்த்துப் பூஜை அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை தோறும் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தீர்த்தம் நிரப்பி, விழுந்து கும்பிடுகிறாள். பக்கத்தில் நின்று நானும் கும்பிட்டுக்கொள்கிறேன்.